ஆள்மாறாட்டப் புல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் அந்தப் பக்கம் போனால் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும். அப்புறம் கோமுகி அணை, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, கரியாலூர். மரங்கள் விலகி வெயில் விழும் சரிவுகளில் இடுப்பு உயரத்துக்குப் புல் நிற்கும். எல்லாப் புல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொன்றாகத் தாளைக் கிள்ளிக் கசக்கிப் பார்த்தால் ஏதோ ஒன்று எலுமிச்சைத் தோலும் இஞ்சியும் கலந்தாற்போல் மணக்கும். ஆடு மாடு அதை அவ்வளவாகத் தீண்டாமல் விட்டிருக்கும். இளந்தளிர் விடும் காலத்தில் மட்டும் மேயும்.

கீழே ஆலைக்குப் போகிற கரும்பும், சமவெளியில் விளைகிற சோளமும், மேலே நிற்கிற இந்த வாசனைப் புல்லும் பங்காளிகள். புல் குடும்பத்துக்குள் ஆண்ட்ரோபோகனே என்ற ஒரே கிளையில் வருபவை. கரும்பு தன் உழைப்பைத் தண்டில் சர்க்கரையாகச் சேர்த்துவைத்தது. சோளம் கதிரில் மாவாகச் சேர்த்தது. இந்தப் புல்லோ இலைக்குள் தைலமாகச் சேர்த்தது. தாவரவியலில் இந்த வாசனைக் கூட்டத்துக்கு சிம்போபோகன் என்று பெயர். தமிழில் காவட்டம்புல், காமாட்சிப்புல், மாந்தப்புல், சுக்குநாறிப்புல், போதைப்புல் என்று ஊருக்கு ஊர் கூப்பிடுகிறார்கள்.

லெமன்கிராஸ் டீ, தாய்லாந்து டாம் யாம் சூப், கொசு விரட்டும் சிட்ரோனெல்லா மெழுகுவத்தி, கழிவறை கழுவும் திரவத்தின் எலுமிச்சை வாடை என்று இந்தப் புல்லை நாம் தினம் ஏதோ ஒரு வடிவில் முகர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அதன் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. மூவாயிரம் ஆண்டுகளாக இந்தப் புல் உலகம் சுற்றியிருக்கிறது; பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர் பெயரில். ஜடாமாஞ்சியாக, ரோஜாவாக, எலுமிச்சையாக, வயலட் பூவாக, கடைசியில் சுறா ஈரலாகக்கூட அது வேலை பார்த்திருக்கிறது.

முதல் அத்தியாயம் எகிப்தில். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில் பிணத்தோடு வைத்த பொருட்களுக்கு நடுவே ஒரு வகை வாசனைப் புல்லும் கிடைத்திருக்கிறது. சகாராவின் ஓரங்களிலும் அரபுப் பாலைகளிலும் வளரும் சிம்போபோகன் ஸ்கொயனாந்தஸும் அதன் நெருங்கிய உறவுகளும்தான் அந்தக் கூட்டம். ஒட்டகம் மேய்வதால் ஆங்கிலேயர் பின்னாளில் இதை ஒட்டகப் புல் என்றார்கள். கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் இதை மருந்துப் பட்டியலில் சேர்த்தார். அரபு நாட்டில் இத்கிர் என்ற பெயரில் இது அன்றாடப் பொருள். மக்காவின் எல்லைக்குள் செடி கொடிகளை வெட்டக் கூடாது என்று நபிகள் நாயகம் அறிவித்தபோது, இத்கிருக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று அவருடைய சிறிய தந்தை அப்பாஸ் கேட்டதாகவும், அது கொடுக்கப்பட்டதாகவும் ஹதீஸ் சொல்கிறது. பொற்கொல்லர் உலைக்கும் வீட்டுக் கூரைக்கும் அது தேவைப்பட்டது என்பதே காரணம். ஒரு புல்லுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு கிடைத்த கதை உலகில் அபூர்வம்.

கி.மு. 325. அலெக்சாண்டர் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் இன்றைய பலுசிஸ்தானின் மக்ரான் பாலைவனத்தில் சிக்கிப் படைவீரர்களைத் தண்ணீர்த் தாகத்துக்குப் பலிகொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் படையின் பின்னால் வந்த பினீசிய வணிகர்களுக்கு அது நல்ல வியாபாரப் பயணமாக அமைந்ததாம். வழியெல்லாம் வாசனைப் பிசினும், நார்ட் என்ற விலையுயர்ந்த நறுமண வேரும் மண்டிக்கிடக்க, அவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். படை மிதித்து நடந்த இடமெல்லாம் மணந்தது என்று வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதிவைத்தார். உண்மையான நார்ட், அதாவது நாம் ஜடாமாஞ்சி என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது, இமயமலையின் குளிரில் வளரும் செடி. மக்ரானின் அனல் மணலில் அது முளைக்க வழியே இல்லை. காலில் மிதிபட்டு மணந்தது சிம்போபோகன் வகைப் புல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பது பிற்காலத்தவர் பலரின் முடிவு. புல்லின் முதல் ஆள்மாறாட்டம் இங்கே பதிவாகிறது.

தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். புல்லைப் புல் என்றே சொன்னார்கள். பொதிகை மலைத் தலைவன் ஆய் அண்டிரனைப் புகழும் புறநானூற்று 132ஆம் பாட்டில், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இமயத்தில் கவரிமா நரந்தை என்ற நறுமணப் புல்லை மேய்வதைக் காட்டுகிறார். அந்த நரந்தையை இன்றைய வாசனைப் புல் கூட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தென்கோடியில் உட்கார்ந்துகொண்டு வடகோடி மலையின் மேய்ச்சலைப் பாடிய புலவருக்கு அந்தச் செய்தி யார் வழியாகக் கிடைத்திருக்குமோ! கவரியின் சாமரமும் வடநாட்டு வாசனைப் பண்டங்களும் தெற்கே வந்த பாதையில் இந்தச் செய்தியும் வந்திருக்கலாம்.

அங்கிருந்து ஒரே தாவலில் 18ஆம் நூற்றாண்டு ஸ்வீடன். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டப் புறப்பட்ட லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட நூலில் இந்த வாசனைப் புற்களை ஆண்ட்ரோபோகன் என்ற பெரிய கூடாரத்துக்குள் போட்டார். பாலைப் புல் ஆண்ட்ரோபோகன் ஸ்கொயனாந்தஸ் ஆனது. இலங்கை, இந்தியப் பக்கத்து இன்னொன்றுக்கு ஆண்ட்ரோபோகன் நார்டஸ் என்று பெயர் வைத்தார். பழைய நார்ட்டின் பெயர் இப்படி ஒரு புல்லின் மேல் அதிகாரபூர்வமாகவே ஒட்டிக்கொண்டது. அந்தக் கூடாரம் வரவர நெரிசலானது. வெட்டிவேரைக்கூடப் பின்னால் வந்தவர்கள் அதற்குள்தான் வைத்தார்கள். வெட்டிவேர் இன்று கிரைசோபோகன் என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. அது மணப்பது வேரில், நம் புல் மணப்பது இலையில்.

1790இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவர். அவருடைய சகோதரர் லக்னோவில் இருந்தார். அவத் நவாபின் வேட்டைக் கூட்டத்தோடு வடக்கு மலையடிவாரக் காட்டுக்குப் போனபோது, யானைகளும் குதிரைகளும் மிதித்த புல்லிலிருந்து காற்றெல்லாம் மணம் கிளம்பியதைப் பார்த்து, வேரோடு பிடுங்கி அண்ணன் தம்பி பாசத்தில் லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பிளேனுக்கு உடனே அலெக்சாண்டரின் படை நினைவுக்கு வந்தது. பழங்காலத்து நார்ட் இதுதான் என்று எழுதிவிட்டார். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இதை ஏற்கவில்லை. பண்டிதர்களையும் மருந்து வியாபாரிகளையும் விசாரித்து, நார்ட் என்பது ஜடாமாஞ்சியே என்று அதே காலத்தில் ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் வாதாடினார். தீர்ப்பு ஜோன்ஸ் பக்கம்தான் நின்றது.

தோற்றுப்போன பிளேனை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. ஐந்தே ஆண்டுகளில், 1795இல், பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வராமலிருக்க எலுமிச்சைச் சாறு கொடுக்க வைத்தவர்களில் முக்கியமானவர் இதே பிளேன்தான். எலுமிச்சையின் அருமை தெரிந்த மனிதர், எலுமிச்சை போல் மணக்கும் புற்களின் கூட்டத்தில்தான் ஏமாந்தார்.

லக்னோவிலேயே இன்னொருவர் இருந்தார். பிரான்சில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஜெனரலான கிளாட் மார்ட்டின். லக்னோவிலும் கல்கத்தாவிலும் லா மார்ட்டினியர் பள்ளிகள் இவர் உயிலில் எழுதிவைத்த பணத்தில் உண்டானவை. திப்பு சுல்தானுடன் நடந்த போரில் படையோடு மைசூர்ப் பக்கத்து மேட்டு நிலத்துக்கு வந்த மார்ட்டின், அங்கே மாடுகள் ஒரு புல்லை விழுந்து விழுந்து மேய்வதைக் கவனித்தார். அதை மேய்ந்த மாட்டின் பாலும் வெண்ணெயும் இறைச்சியும்கூட மணந்தன. போர்க்களத்திலிருந்து அவர் அள்ளி வந்தது அந்தப் புல்லின் விதை. லக்னோவில் விதைத்து வளர்த்து, கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் வில்லியம் ராக்ஸ்பரோவுக்கும் கொஞ்சம் அனுப்பினார். ராக்ஸ்பரோ இறந்த பிறகு 1820இல் வெளிவந்த நூலில் அது ஆண்ட்ரோபோகன் மார்ட்டினி. இன்று சிம்போபோகன் மார்ட்டினி. சந்தையில் அதன் தைலத்துக்குப் பால்மரோசா என்று பெயர்.

பால்மரோசாவின் பயணம் திரைக்கதை எழுதத் தக்கது. அதன் தைலத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஜெரானியால் என்ற பொருள். ரோஜா அத்தரின் மணத்துக்கும் அதே ஜெரானியால் ஒரு முக்கியக் காரணம். இதை வேதியியல் கண்டுபிடிப்பதற்கு முன்பே வியாபாரிகளின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. காந்தேஷ் பகுதியின் காடுகளில் ஓடைக்கரையில் செம்புக் கலயம் வைத்துக் காய்ச்சிய தைலம் பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து செங்கடல் துறைமுகங்கள். அங்கிருந்து கான்ஸ்டாண்டிநோபிள். அங்கே இட்ரிஸ் யாகி என்ற பெயரில் விற்ற அந்தத் தைலத்தை எலுமிச்சைச் சாற்றோடு குலுக்கி, வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, காரம் குறைத்தார்கள். பிறகு அது ஒட்டோமான் ஆட்சியிலிருந்த பல்கேரியாவின் ரோஜாப் பள்ளத்தாக்குக்குப் போனது. அங்கே கஸான்லிக் ஊரில், வாலையில் போடுவதற்கு முன்பே ரோஜா இதழ்களின் மேல் இதைத் தெளித்துவிடுவார்கள். வெளியே வருவது அத்தனையும் ரோஜா அத்தர்!

ஐரோப்பியர் வாங்கியதோ இன்னும் பெரிய கூத்து. கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்ததால் இதைத் துருக்கிய ஜெரானியம் எண்ணெய் என்றார்கள். ஜெரானியம் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துருக்கியில் இது விளையவும் இல்லை. மத்திய இந்தியக் காட்டுப் புல் ஒன்று, இரண்டு பொய்ப் பெயர்களோடு பாரிசின் வாசனைப் புட்டிகளுக்குள் உட்கார்ந்துவிட்டது. இதிலும் ஒரு போலி இருந்தது. மார்ட்டினிப் புல்லில் மோத்தியா, சோஃபியா என்று இரண்டு வகை. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. மோத்தியாவின் தைலம்தான் ரோஜா மணமுள்ள பால்மரோசா. சோஃபியாவினுடையது இஞ்சி வாடையடிக்கும் மட்டரகம். அதை இதோடு கலந்தார்கள். ரோஜாவுக்குப் போலியாக இருந்த எண்ணெய்க்கே ஒரு போலி.

இதற்கிடையில் இலங்கையில் வேறு ஒரு நாடகம். அங்கே டச்சுக்காரர் ஆண்ட 17ஆம் நூற்றாண்டிலேயே நிக்கலாஸ் கிரிம் என்ற படை மருத்துவர் இந்த வாசனைப் புல்லைப் பற்றி எழுதியிருந்தார். 19ஆம் நூற்றாண்டில் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் சிட்ரோனெல்லா பெரிய பயிரானது. புல் மேடுகளுக்கு நடுவே நெருப்பு வைத்த கொதிகலன்களும், தைலம் இறங்கும் மரத்தொட்டிகளும் எழுந்தன. பயிரில் இரண்டு ரகம். லேனபட்டு என்பது நார்டஸ் இனம். கட்டாந்தரையிலும் வளரும் முரட்டுப் புல். மஹபெங்கிரி என்பது இன்னும் நல்ல தைலம் தரும், ஆனால் நல்ல மண்ணும் அடிக்கடி மறுநடவும் கேட்கும் செல்லப்பிள்ளை. இலங்கை விவசாயி வசதி பார்த்து லேனபட்டுவோடு நின்றுவிட்டார். மஹபெங்கிரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவுக்குக் கப்பலேறியது.

அது இலங்கைக்கு விழுந்த பேரடி. ஜாவாவின் எரிமலை மண்ணில் அந்தப் புல் கொழித்தது. ஜாவா சிட்ரோனெல்லா என்ற பெயரே தரத்துக்கு அடையாளமாகிவிட்டது. பிறகு தைவான், சீனா, குவாத்தமாலா என்று அதே புல் நடவுக்குப் போனது. 1908இல் ஜோவிட் என்பவர் அதைத் தனி இனமாகப் பிரித்தபோது, காலிப் பக்கத்தில் தைலம் காய்ச்சிய வின்டர் என்பவரின் நினைவாக வின்டரியானஸ் என்று பெயர் வைத்தார். இலங்கையிலிருந்து போய், இலங்கையில் தைலம் காய்ச்சியவரின் பெயரைச் சுமக்கும் புல், உலகச் சந்தையில் ஜாவாவின் பிள்ளையாகத்தான் அறியப்படுகிறது.

இலங்கைத் தைலத்தின் பெயர் கெட்டதற்கு இன்னொரு காரணம் மண்ணெண்ணெய். தைலத்தில் மண்ணெண்ணெய் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஷிம்மெல் கம்பெனி, பெரிய தைல வணிகர், இதைப் பிடிக்க ஒரு சோதனை வைத்தது. 80 சதவீதச் சாராயத்தில் தைலத்தைக் கலக்கினால் சுத்தமானது தெளிவாகக் கரையும். மண்ணெண்ணெய் கலந்தது கலங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலப்படக்காரர்கள் அந்தச் சோதனையையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். எத்தனை கலந்தால் கலங்காதோ அத்தனை கலந்து அனுப்பினார்கள். கடைசியில், வாங்குபவரே வேண்டுமென்று 5 சதவீதம் மண்ணெண்ணெய் கலந்து, அப்போதும் தெளிவாகக் கரைந்தால்தான் சரக்கு சுத்தம் என்று சோதனையைக் கடுமையாக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்து மேற்குக் கரையில் நடந்தது இன்னும் தூரம் போகும் கதை. திருவிதாங்கூரின் அஞ்சுதெங்குக்கு உள்ளே தள்ளியிருக்கும் குன்றுகளில் சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ் காடாக வளர்ந்தது. கோடையில் தீ வைத்துக் கொளுத்திவிடுவார்கள். மழை விழுந்ததும் புதுத்தளிர் அடர்ந்து வரும். அறுத்து அங்கேயே காய்ச்சுவார்கள். மலையாளத்தில் அது இஞ்சிப்புல். எண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் ஐரோப்பாவில் அதன் பெயர் கொச்சின் ஆயில். எலுமிச்சைப் பழத்தோல் எண்ணெயின் வாசத்துக்குக் காரணமான சிட்ரால், பழத்தோலில் நூற்றுக்கு ஒரு சில பங்குதான். இந்தப் புல்லின் எண்ணெயில் 70 முதல் 80 பங்கு. எலுமிச்சையைவிட எலுமிச்சையாக மணக்கும் சரக்கு, எலுமிச்சைக்கான விலையில் ஒரு சிறு பங்குக்கு. சோப்புக் கம்பெனிகள் விடுமா?

1893இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஃபெர்டினாண்ட் டீமனும் பால் க்ரூகரும் வயலட் பூவின் வாசத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். வயலட் தைலம் தங்கத்தின் விலை விற்ற காலம். கொச்சின் ஆயிலின் சிட்ராலை அசிட்டோனோடு சேர்த்தார்கள். வந்த பொருளில் வயலட் வாடையே இல்லை. குடுவையைக் கழுவக் கந்தக அமிலம் ஊற்றியபோதுதான் அறையெங்கும் வயலட் மணம் கிளம்பியது என்று வாசனைத் தொழிலில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அயனோன் என்ற அந்தப் பொருளும் அதன் காப்புரிமையும் நிஜம். அதற்குப் பின் ஐரோப்பியச் சீமாட்டிகள் பூசிக்கொண்ட மலிவான வயலட் வாசனைக்கு மூலப்பொருள், திருவிதாங்கூர்க் குன்றில் அரிவாளோடு நின்றவர் அறுத்துப் போட்ட புல்.

அயனோன் இன்னும் ஒரு அடி எடுத்துவைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வைட்டமின் ஏ வேண்டுமென்றால் மீன் ஈரல் எண்ணெய்தான் வழி. அப்போது சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் ஆலையே நடத்தியது. 1947இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ ஐஸ்லரும் கூட்டாளிகளும் பீட்டா அயனோனிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக் காட்டினார்கள். சுறாவுக்குப் பதிலாகப் புல்! இரண்டுமே மேற்குக் கரையின் சரக்கு என்பது தற்செயல்தான் என்றாலும், நம்ப முடியாத தற்செயல். எண்ணெயின் தேவை இப்படிப் பெருகிய காலத்தில், 1951இல், கேரளத்தின் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பிறந்த சுகந்தி ரகம் இன்றும் நடவில் இருக்கிறது.

ஏமாந்தவர் பட்டியலில் மனிதர் மட்டும் இல்லை. தேனீக்கள் கூடு மாறும்போது வழிகாட்ட நாசனோவ் சுரப்பியிலிருந்து ஒரு வாசத்தை வெளியிடும். அதிலும் ஜெரானியாலும் சிட்ராலும் உண்டு. ஆகவே தேனீ வளர்ப்பவர்கள் காலிப் பெட்டிக்குள் இரண்டு சொட்டு லெமன்கிராஸ் எண்ணெய் தடவிவைத்து, ஊர் தேடி அலையும் கூட்டத்தை உள்ளே வரவழைக்கிறார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதை இதைவிட நேராக நிரூபிக்க முடியாது.

இத்தனை வியாபாரத்துக்கு நடுவில் எது எந்தப் புல் என்பதில் மட்டும் ஒரே குழப்பம். 1815இல் ஜெர்மானியர் ஸ்ப்ரெங்கல் வாசனைப் புற்களை ஆண்ட்ரோபோகனிலிருந்து பிரித்துத் தனி வீடு கட்டிக்கொடுத்தும் பலர் பழைய பெயரையே எழுதினார்கள். ஒரே பெயரில் மூன்று எண்ணெய், ஒரே எண்ணெய்க்கு நான்கு பெயர். 1906இல் லண்டன் கியூ தோட்டத்தில் ஓட்டோ ஸ்டாஃப் என்பவர், இந்தியாவிலும் இலங்கையிலும் எண்ணெய் எடுக்கும் புற்களையெல்லாம் மேசைமேல் பரப்பி, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, கணக்கை நேர்செய்தார். 

அவர் போட்ட மூன்று பிரிவுகளை வைத்து நாமே மலையில் ஓரளவு பார்க்கலாம். இலை தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே இலை அகன்று, வெற்றிலைக் காம்புப் பக்கம்போல இருபுறமும் வளைந்து தண்டை அணைத்தால் அது ரூசே பிரிவு. பால்மரோசா இதில் வரும். இலை அடியில் ஒடுங்கித் தண்டில் இறங்கினால், பூங்கொத்தும் பெரிதாகத் தொங்கினால், சிட்ராட்டி பிரிவு. லெமன்கிராஸும் சிட்ரோனெல்லாவும் இதில். கம்பிபோல் மெலிந்த இலையும் மயிரடர்ந்த பூங்கதிரும் என்றால் ஸ்கொயனாந்தி. பாலைப் புல்லின் பிரிவு. பூக்கும் காலத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அடையாளம் உண்டு. கதிர்கள் இரட்டை இரட்டையாக, படகு வடிவச் சிறு மடலுக்குள்ளிருந்து தலைநீட்டும். 1977இல் இந்தோனேசியாவின் சோனார்கோ பேரினம் முழுவதையும் மறுபடி அலசினார். இன்று 50க்கு மேற்பட்ட இனங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன.

இவற்றின் உலக வரைபடம் சுவாரசியமானது. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா என்று பழைய உலகின் வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் இது சொந்த மண்ணின் புல். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் தங்கள் பக்கத்து இனங்களைச் சளிக்கு மருந்தாக்கினார்கள். அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் தானாக வளர்ந்தது ஒன்றுகூட இல்லை. ஆனால் கியூபாவிலும் பிரேசிலிலும் போய்க் கேட்டால் பாட்டி வைத்தியம் என்று சத்தியம் செய்வார்கள். ஜமைக்காவில் காய்ச்சலுக்குக் குடிப்பதால் அதற்குக் காய்ச்சல் புல் என்றே பெயர். அங்கே போனது சிம்போபோகன் சிட்ராட்டஸ், டாம் யாம் சூப்பில் மிதக்கும் அதே தண்டு. 1813இல் பிரான்சின் மோன்பெலியே தோட்டத்துப் பட்டியலில் டி கேண்டோல் எழுதிய பெயர் அது. இந்தப் புல் பூப்பதே அபூர்வம். காட்டில் தானாக வளர்வதைக் கண்டவரும் இல்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. உலகெங்கும் உள்ள லெமன்கிராஸ் தூர்கள் யாரோ ஒருவர் கையால் இன்னொருவர் கைக்கு மாறி மாறிப் போனவையே. சிங்களத்தில் சேர, மலாயில் செராய், ஜாவாவில் செரே. மலேசியத் தமிழர் வீட்டுக் கறியிலும் செராய்த் தண்டு நசுங்கி விழுகிறது. தமிழ்நாட்டுக் குழம்புக்குள் அது நுழையவே இல்லை. நம் மலைகளில் தானாக வளரும் இனங்கள் முரடு. வாலைக்கு ஏற்றவை, சட்டிக்கு ஏற்றவை அல்ல.

அந்த மலைகளைக் கணக்கெடுத்தவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே.எம். மாத்யூ. 1980களில் வெளிவந்த அவருடைய தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரத் தொகுப்பு, கல்வராயன், கொல்லி, பச்சை, சேர்வராயன் என்று கிழக்குத் தொடர்ச்சியின் மலைகளைச் செடி செடியாகப் பதிவு செய்தது. வெளிநாட்டார் பார்வையில் எண்ணெய்க்காக மட்டும் எண்ணப்பட்ட புல், அங்கே தன் ஊர்க்காரச் செடிகளோடு வரிசையில் நின்றது.

புல்லின் நல்ல காலத்தை முடித்துவைத்தது பெட்ரோலியம். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் போன்ற நிறுவனங்கள் சிட்ராலை ஆலையிலேயே ஆயிரக்கணக்கான டன் தயாரிக்கத் தொடங்கின. அயனோனுக்கும் வைட்டமினுக்கும் புல் வேண்டியதில்லை என்றானது. கேரளக் குன்றுகளில் ரப்பர் ஏறியது. எல்லோரையும்போல் நடித்த புல்லை ஆலை ஒன்று அச்சு அசலாக நடித்துவிட்டது.

ஆனால் சந்தை மறுபடி திரும்பியிருக்கிறது. இயற்கையானது என்று சீட்டு ஒட்டி விற்க விரும்புகிறவர்கள் ஆலைச் சிட்ராலை வாங்க முடியாது. அதை மீறிக் கலந்தால் கண்டுபிடிக்கவும் வழி வந்துவிட்டது, அதுவும் புல்லின் உடம்பிலிருந்தே. கரும்பு, சோளம்போல இதுவும் காற்றிலிருந்து கரியை இழுக்கும் முறையில் மற்றச் செடிகளிலிருந்து மாறுபட்டது. அதனால் அதன் சிட்ராலில் கன வகைக் கார்பன் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆய்வகத்தில் அளந்தால் இது புல்லிலிருந்து வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைப் பிடிப்பதும் இதே அளவையால்தான்.

இந்தத் திருப்பத்தை நம்பித்தான் லக்னோவின் நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனமான சீமாப், கிருஷ்ணா போன்ற ரகங்களை உருவாக்கி, அரோமா மிஷன் என்ற திட்டத்தின் வழியாக மேட்டு நில விவசாயிகளுக்குத் தூர் கொடுக்கிறது. நவாபின் யானைகள், மார்ட்டினின் தோட்டம், இப்போது சீமாப் என்று இந்தப் புல்லுக்கும் லக்னோவுக்கும் மட்டும் என்ன பொருத்தமோ. நட்டால் நான்கைந்து ஆண்டுகள் நிற்கும்; இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஓர் அறுப்பு. காய்ச்சும் கொப்பரையில் 100 கிலோ பச்சைப் புல்லை அமுக்கி அடைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஆவி விட்டால், குளிர்ந்து இறங்கும் நீரின் மேல் மஞ்சளாக மிதந்து சேர்வது ஏறத்தாழ அரைக் கிலோ எண்ணெய். மீதிச் சக்கை அடுத்த வேளைக்கு அடுப்பு விறகு.

சாமையும் மரவள்ளியும் போடும் கல்வராயன் மலைச் சரிவுகளுக்கு இது பொருந்துமா என்பது விலையையும், காய்ச்சும் கொப்பரை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தூர் கொடுப்பவரிடம் அதன் முழுப் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஃப்ளெக்சுவோசஸ் என்று நம்பி நட்டது வேறு ஏதாவதாக இருந்தால், வாசம் வரும், விலை வராது. மூவாயிரம் ஆண்டுகள் அடுத்தவர் பெயரில் விற்ற இந்தப் புல்லுக்கு, சொந்தப் பெயரில் விற்றால் கூடுதல் விலை என்ற காலம் இப்போதுதான் பிறந்திருக்கிறது.